தராசு இல்லாமல் மாட்டை எடை போடலாமா?

மாணவர்களே, 200 கிலோ எடையுள்ள ஒரு மாட்டை எப்படி எடை போடுவீர்கள்? பெரிய பண்ணைகளில் அதற்கென்றே தராசு மேடை இருக்கும். கம்பத்தில் நான்கைந்து மாடுகள் வளர்ப்பவரிடம் அது இருக்காது. ஆனாலும் அவருக்கு எடை தெரிந்தாக வேண்டும். விற்கும் விலை, தீவனத்தின் அளவு, மருந்தின் அளவு ஆகிய மூன்றும் எடையைப் பொறுத்தவை. இங்கே கைகொடுப்பது ஓர் அளவு நாடாவும், நீங்கள் கணிதப் பாடத்தில் படித்த உருளையின் கன அளவும்தான்.

நம் நாட்டு மாடு

மலேசியாவின் உள்நாட்டு மாட்டினம் கெடா-கிளந்தான். சுருக்கமாக ‘கேகே’ என்பார்கள். தீபகற்பத்தின் வட மாநிலங்களிலும் கிழக்குக் கரையிலும் கம்பத்து மக்கள் நெடுங்காலமாக வளர்த்து வருவது இது. சிறிய உடல், முதுகில் திமில், பெரும்பாலும் பழுப்பு நிறம். கறுப்பு மாடுகளும் உண்டு. வளர்ந்த பசுவின் எடை ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ. ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்ற ஐரோப்பியக் கறவைப் பசுவோ 600 கிலோவைத் தாண்டும்.

சிறிய உடல் ஒரு குறையா? ஒரு கணக்கைப் பாருங்கள். பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் பரப்பளவுக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம் 6:1. பக்கம் 2 செ.மீ. ஆனால் அது 24:8, அதாவது 3:1. உடல் சிறியதாக இருந்தால், ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் தோல் பரப்பு அதிகம். வெப்பம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியும் அந்தப் பரப்பைக் கூட்டுகிறது. நம் வெயிலைத் தாங்க ஏற்ற உடலமைப்பு இது.

மூன்று அளவுகள்

மாட்டைச் சமதரையில், நான்கு கால்களும் நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். பிறகு அளக்க வேண்டியவை:

1. உயரம்: தரையிலிருந்து, திமிலுக்குச் சற்றுப் பின்னால் உள்ள முதுகுப் பகுதி வரை.
2. உடல் நீளம்: தோள் எலும்பின் முனையிலிருந்து, வாலின் அடிப்பகுதிக்குப் பக்கத்தில் புடைத்திருக்கும் இடுப்பெலும்பின் முனை வரை.
3. மார்புச் சுற்றளவு: முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி. நாடா தோலில் படிய வேண்டும்; இறுக்கக் கூடாது.

ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி காணுங்கள். எடையைக் கணக்கிடப் பின்னிரண்டு அளவுகளே போதும். சூத்திரம் இதுதான்:

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 10,840

அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஒரு பசுவின் சுற்றளவு 140, நீளம் 115 என்று வைத்துக்கொள்வோம். 140 × 140 × 115 = 2,254,000. இதை 10,840 ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 208 கிலோ.

10,840 எங்கிருந்து வந்தது?

மாட்டின் உடலை ஓர் உருளையாக நினையுங்கள். சுற்றளவும் நீளமும் தெரிந்தால், அதன் கன அளவு = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 4π. உடலின் அடர்த்தி ஏறக்குறைய நீரின் அடர்த்திதான்; 1,000 கன செ.மீ. என்பது 1 கிலோ. ஆகவே வகுக்கும் எண் 4π × 1,000, அதாவது சுமார் 12,566. இதை நம் பசுவுக்குப் போட்டால் 179 கிலோதான் வரும். தலை, கழுத்து, கால்கள் எல்லாம் உருளைக்கு வெளியே இருக்கின்றன அல்லவா? அவற்றையும் ஈடுகட்டத்தான், உண்மையான மாடுகளை எடை போட்டுப் பார்த்து, வகுக்கும் எண்ணைக் குறைத்தார்கள்.

சுற்றளவு இரண்டு முறை பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். நீளத்தில் 3 செ.மீ. பிழை வந்தால் நம் பசுவின் எடை 5 கிலோ மாறும். சுற்றளவில் அதே 3 செ.மீ. பிழை வந்தால் 9 கிலோ மாறிவிடும். ஆகவே சுற்றளவை அளக்கும்போது கூடுதல் கவனம் தேவை.

இந்தக் கவனம் ஏன் அவசியம்? குடற்புழு மருந்தான ஐவர்மெக்டினை எடுத்துக்கொள்வோம். மாட்டுக்கு வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம். நம் பசுவுக்குச் சுமார் 41.6 மில்லிகிராம் வேண்டும். கண்ணால் பார்த்து ‘150 கிலோ இருக்கும்’ என்று முடிவு செய்தால் 30 மில்லிகிராம்தான் கிடைக்கும். மருந்தை ஓரளவு தாங்கக்கூடிய புழுக்கள் பிழைத்து, முட்டையிட்டுப் பெருகும். அடுத்த தலைமுறைப் புழுக்களிடம் அதே மருந்து எடுபடாமல் போகலாம்.

நாடா அளக்காதவை

உயரமும் எடையும் சிறிது சிறிதாக வேறுபடும் தொடர் மாறுபாடுகள். இவற்றில் மரபணுவோடு தீவனமும் பராமரிப்பும் சேர்ந்தே வேலை செய்கின்றன. நிறம், கொம்பு வடிவம் போன்றவற்றைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்கிறோம். அதிலும் அவசரம் கூடாது. தமிழ்நாட்டின் காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காவிரிப் படுகையின் உம்பளச்சேரி இனத்திலும் இப்படித்தான். எனவே வயதைக் குறிக்காத பதிவு பாதிப் பதிவே.

நம் தோட்டப்புறங்களில் வளர்க்கப்பட்ட ‘லோக்கல் இந்தியன் டெய்ரி’ மாடுகள், இந்தியாவிலிருந்து வந்த பல இனங்களின் கலப்பு. கேகே மாட்டையும் பிராமன் இனத்தையும் கலந்து மார்டி உருவாக்கியது ‘பிரக்மாஸ்’. கலப்பினங்களால் பயன் உண்டு. ஆனால் கலப்பு பெருகும்போது தூய கேகே எது என்று கண்டறிய, அதன் உடல் அளவுகளும் தோற்றமும் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். மரபணுச் சோதனைக்கு எந்த மாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் இந்தப் பதிவுகள் உதவும்.

செய்து பாருங்கள்

1. ஒரு மைலோ டின்னின் சுற்றளவையும் உயரத்தையும் நாடாவால் அளந்து, மேலே சொன்னபடி 4π ஆல் வகுத்துக் கன அளவைக் கணக்கிடுங்கள். பிறகு டின்னில் நீர் நிரப்பி, அளவு உருளையில் ஊற்றி ஒப்பிடுங்கள்.

2. சுற்றளவு 150 செ.மீ., நீளம் 120 செ.மீ. உள்ள மாட்டின் எடை என்ன? (விடை: சுமார் 249 கிலோ)

3. இரண்டு மாதக் கன்று ஒன்று செந்நிறமாக இருக்கிறது. ‘இது காங்கேயம் இல்லை’ என்கிறார் உங்கள் நண்பர். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?