அறிவு மூலதனமாகும்போது: ஒரு மலைச்செடி கற்பிக்கும் பாடம்

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே பயணம் செய்தால் தமிழகத்தின் எல்லையூராகிய ஆனைகட்டியை அடையலாம். அதைக் கடந்ததும் தொடங்குவது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி. இங்கு வாழும் இருளர் முதலிய பழங்குடி மக்கள், மண், விதை, மூலிகை பற்றிய அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். இத்தகைய அறிவு சந்தைக்கு வரும்போது அதன் பயன் யாரைச் சேர வேண்டும்? அறிவுசார் பொருளாதாரத்தில் புத்தாக்கத்தை நிர்வகிப்போர் முதலில் விடை காண வேண்டிய வினா இது. அதற்கு விடை தேடிய முன்னோடி முயற்சி ஒன்று, இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அகத்தியமலையில் தொடங்கியது.

1987ஆம் ஆண்டு அம்மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள் ஏறமுடியாமல் களைத்துப் போயினர். வழிகாட்டிகளாக உடன்சென்ற காணி பழங்குடியினரோ ஒரு சிறு செடியின் காய்களை மென்றபடி சோர்வின்றி நடந்தனர். ‘ஆரோக்கியப்பச்சை’ என்னும் அச்செடியைத் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தது. அதன் இலைகளுடன் வேறு மூன்று மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உற்பத்தி உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய்; விற்பனையில் உரிமைத்தொகை 2 விழுக்காடு. இவ்விரண்டிலும் சரிபாதியைக் காணி மக்களுக்கு அளிக்க ஆராய்ச்சி நிறுவனம் முன்வந்தது. பயன் பகிர்வை வலியுறுத்தும் உயிரியல் பன்மைச் சட்டம் 2002இல்தான் இயற்றப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இம்முடிவின் அருமை விளங்கும்.

பணத்தைப் பெற 1997இல் காணி மக்களின் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999இல் சுமார் 5 லட்சத்து 19 ஆயிரம் ரூபாய் அதன் கணக்கிற்கு வந்தது. அறக்கட்டளை அத்தொகையை வைப்பு நிதியாக்கி, வட்டியை மட்டும் நலப்பணிகளுக்குச் செலவிடத் தீர்மானித்தது. முதலைக் கரைக்காமல் பயன் துய்க்கும் இவ்வழி, சேமிப்பாளர் எவருக்கும் ஏற்றதே.

எனினும் இம்முயற்சி எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. மருந்துக்கு இலைகள் தொடர்ந்து தேவைப்பட்டன. அச்செடி தன் இயற்கையான சூழலில் வளர்ந்தால்தான் மருத்துவக் குணம் நிறைந்திருக்கும். காணி குடும்பங்கள் அதைப் பயிரிட முன்வந்தபோதிலும், வனப்பகுதியிலிருந்து இலைகளை எடுத்துச் செல்வதற்கு வனத்துறையின் இசைவு எளிதில் கிட்டவில்லை. வெளிநாடுகளில் காப்புரிமையும் பெறப்படவில்லை. ஆராய்ச்சியும் பகிர்வு ஒப்பந்தமும் செம்மையாக அமைந்தன. மூலப்பொருள் வரத்தும் உரிமைப் பாதுகாப்பும் அவற்றுடன் சேர்ந்து திட்டமிடப்படவில்லை.

சிறுதொழில் முனைவோர் இதிலிருந்து நான்கு படிகளைக் கற்கலாம். முதலாவது, அறிவு யாருடையது என்பதை எழுத்தில் பதிவு செய்தல். இரண்டாவது, பங்கீட்டை வருவாய் தொடங்குமுன்பே ஒப்பந்தமாக்குதல். மூன்றாவது, உற்பத்திக்கு முன்னரே மூலப்பொருளையும் அதற்கான அனுமதிகளையும் உறுதி செய்தல். நான்காவது, காப்புரிமை, வணிகச் சின்னம், புவிசார் குறியீடு ஆகியவற்றுள் பொருத்தமானதை உரிய காலத்தில் பெறுதல். கடன் கேட்டு வங்கியை அணுகும்போது, இந்த ஆவணங்கள் உங்கள் திட்டத்தின் உறுதியை எடுத்துக்காட்டும்.

நான்காம் படியின் பயனை ஆனைகட்டிக்கு அருகிலேயே காணலாம். அட்டப்பாடியின் ஆட்டுக்கொம்பு அவரையும் துவரையும் 2022இல் புவிசார் குறியீடு பெற்றன. வேறிடத்தில் விளைந்ததை இனி அப்பெயரில் விற்க இயலாது. ஆனால் குறியீடு தானாக வருவாயாகிவிடாது. தரம் பிரித்தல், சிப்பமிடல், சந்தைப்படுத்தல், உழவர்க்கு உரிய விலை சேர்த்தல் என எஞ்சிய பணிகள் பல. பாட்டன் காத்த விதை பேரனின் சேமிப்புக் கணக்கில் வரவாகப் பதியும்வரை புத்தாக்க மேலாண்மை நிறைவுறுவதில்லை.