ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சு இமர்ஷன்: ஒன்ராறியோப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எட்டாம் வகுப்பில் பாடத்தேர்வுப் படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அம்மா, பிரெஞ்சைத் தொடரட்டோ, விடட்டோ?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அப்படியும் நான்கு வருடம் அவளோடு அந்தப் பாதையில் போய்ச் சேர்ந்தோம். இந்த வருடம் அதே கேள்வி உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், வாருங்கள், முதலிலிருந்து சேர்ந்தே போவோம்.

ஒரு பயத்தை முதலில் கழற்றி வைத்துவிடுவோம். "எங்களுக்கே பிரெஞ்சு தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" இமர்ஷன் என்பதே அப்படிப்பட்ட பெற்றோர் போராடிப் பெற்ற வகுப்பு. 1965இல் மொன்றியல் அருகே செயின்ற் லம்பேர்ட்டில், பிரெஞ்சு சரளமாக வராத ஆங்கிலக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காவது அது வரவேண்டும் என்று பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு ஒரு பாலர் வகுப்பைத் திறக்கவைத்தார்கள். நாமும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

நாம் எதில் சேர்கிறோம்?

ஒன்ராறியோ ஹை ஸ்கூலில் பிரெஞ்சுக்கு மூன்று வழி உண்டு. கோர் என்பது பிரெஞ்சை ஒரு பாடமாக மட்டும் படிப்பது. எக்ஸ்டென்டட், இமர்ஷன் இரண்டிலும் வேறு சில பாடங்களையும் பிரெஞ்சிலேயே படிக்கிறோம்.

கணக்கு இதுதான். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் 110 மணி நேரம். இமர்ஷன் சான்றிதழுக்கு அதில் 10 கிரெடிட் பிரெஞ்சில் இருக்க வேண்டும்: பிரெஞ்சுப் பாடம் நான்கு, பிரெஞ்சில் கற்பிக்கும் மற்றப் பாடங்கள் ஆறு. எக்ஸ்டென்டடுக்கு 7 போதும்: நான்கும் மூன்றும். இமர்ஷன் பிள்ளைக்குக்கூட 20 கிரெடிட் ஆங்கிலத்தில்தான். "இவளுக்கு ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ" என்று தவிக்கும் தாத்தா பாட்டிக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

யார் சேரலாம்?

ஆரம்பப் பள்ளியில் இமர்ஷன் படித்து வந்த பிள்ளைக்கு வழி நேரானது. எட்டாம் வகுப்பு முடியும்போது இமர்ஷன் பிள்ளை குறைந்தது 3,800 மணி நேரமும், எக்ஸ்டென்டட் பிள்ளை 1,260 மணி நேரமும் பிரெஞ்சில் படித்திருக்க வேண்டும் என்பது மாகாணத்தின் பாடத்திட்ட அளவு. கோர் பிள்ளைக்கு அது 600.

கோர் படித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று இமர்ஷனுக்குத் தாவுவது எளிதல்ல. மனம் தளர வேண்டாம். கோரிலேயே 12ஆம் வகுப்பு வரை பிடித்துக்கொண்டு போகலாம். கீழே வரும் டெல்ஃப் பரீட்சை அவர்களுக்கும் உண்டு. பாரிஸிலிருந்தோ மொன்றியலிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ குடிபெயர்ந்து வந்த பிள்ளையானால், பிரெஞ்சில் படித்த ரிப்போர்ட் கார்டுகளோடு நேரே பள்ளிக்குப் போய், எந்த வகுப்பு பொருத்தம் என்று மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். இமர்ஷன் என்பது ஆங்கில போர்டுகளின் பள்ளிகளில் நடப்பது. முழுக்கப் பிரெஞ்சிலேயே இயங்கும் பிரெஞ்சு போர்டுப் பள்ளிகள் வேறு. அவை முதன்மையாகப் பிரெஞ்சு மொழிச் சிறுபான்மையினரின் உரிமைக்காக உள்ளவை; மற்றவர்கள் சேர்வதை ஒரு அனுமதிக் குழு பார்த்து முடிவு செய்யும்.

எப்போது, எப்படி?

எட்டாம் வகுப்பின் இலையுதிர்காலத்தில் ஹை ஸ்கூல்கள் தகவல் மாலைகள் நடத்தத் தொடங்கும். தேதிகள் போர்டுக்குப் போர்டு மாறும். செப்டம்பரிலேயே கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுவோம். நம் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் இமர்ஷன் இல்லாமல் இருக்கலாம். எந்தப் பள்ளிக்கு நம் முகவரி சேரும் என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அந்த மாலையில் கட்டாயம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "11ஆம், 12ஆம் வகுப்புகளில் பிரெஞ்சில் என்னென்ன பாடங்கள் கடந்த இரண்டு வருடமும் உண்மையாக நடந்தன?" கையேட்டில் அச்சிட்டிருப்பதெல்லாம் நடப்பதில்லை, போதிய பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பு நிற்கும். பிரெஞ்சு ஆசிரியர் தட்டுப்பாடும் இருக்கிறது. ஒன்பதில் புவியியல், பத்தில் கனடிய வரலாறு, அதே பத்தில் அரைக் கிரெடிட் வீதம் குடியியலும் தொழில் வழிகாட்டலும் என்று பிரெஞ்சில் மூன்று கிரெடிட் பொதுவாகச் சேர்ந்துவிடும். மீதி மூன்றுதான் சிக்கல். அவை எங்கிருந்து வரும் என்று இப்போதே தெரிந்துகொள்வோம்.

குளிர்காலத்தில் பாடத்தேர்வு. படிவத்தில் குறியீட்டின் முதல் மூன்று எழுத்தை விரல் வைத்துப் பாருங்கள். எஃப்-ஐ-எஃப் என்றால் இமர்ஷன், எஃப்-ஈ-எஃப் என்றால் எக்ஸ்டென்டட், எஃப்-எஸ்-எஃப் என்றால் கோர். நடு எழுத்து ஒன்று மாறினால் பிள்ளை வேறு வகுப்பில் போய் உட்காரும்.

போர்டு மாறுகிறோம் என்றால், உதாரணமாகக் கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து பொதுப் பள்ளிக்கு, பிறப்புச் சான்று, குடிவரவு ஆவணம், முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை, கடைசி ரிப்போர்ட் கார்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கொண்டுபோவோம்.

எவ்வளவு செலவாகும்?

படிப்புக்குக் கட்டணம் இல்லை. அரச நிதியில் நடக்கும் பள்ளி. இமர்ஷனுக்கென்று தனிக் காசு கேட்கமாட்டார்கள்.

செலவு பயணத்தில்தான் வரும். இமர்ஷன் பள்ளி தூரமாக இருந்தால் பள்ளி பஸ் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரொறன்ரோவில் 12 வயது வரை ரி.ரி.சி. இலவசம். ஹை ஸ்கூல் பிள்ளைக்கு அந்த வயது தாண்டிவிடும், ஆகவே நான்கு வருடப் பஸ் காசைக் கணக்கில் சேர்ப்போம். வினைச்சொல் திரிபுகளுக்கு பெஷெரெல் புத்தகம் ஒன்று வாங்கினால் நான்கு வருடமும் உழைக்கும். ரியூஷன் முதல் நாளே வேண்டாம். முதல் ரிப்போர்ட் கார்டு வரட்டும். கியூபெக் சுற்றுலா போன்றவை விருப்பத்துக்கு மட்டுமே.

கோடைகாலத்தில் எக்ஸ்ப்ளோர் என்ற அரச நிதி உதவித் திட்டம் உண்டு. சில வாரங்கள் பிரெஞ்சு பேசும் ஊரில் தங்கிப் படிக்கலாம். பாடமும் தங்குமிடமும் சாப்பாடும் உதவித்தொகைக்குள் வரும், பதிவுக் கட்டணமும் பயணமும் நம் கையிலிருந்து. பொது நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களுக்கும், டி.எஃப்.ஓ. தொலைக்காட்சிக்கும், மோரில் செயலிக்கும் ஒரு சதமும் வேண்டாம்.

வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

இதில்தான் தமிழ் வீட்டுக்கு ஒரு பலம் இருக்கிறது. "து", "வூ" வித்தியாசத்தை ஆங்கிலப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைக்கு "நீ", "நீங்கள்" என்றால் போதும். நம் "த" பல்லைத் தொட்டு, மூச்சு விடாமல் வருகிறது. பிரெஞ்சின் "த"வும் அப்படியே. ஆங்கில "ரி"யை நாக்கிலிருந்து இறக்கித் தமிழ் நாக்கைத் தூக்கச் சொல்லுங்கள். நம்மிடம் இல்லாத ஒலிகளும் உண்டு. "து"வில் வரும் அந்த உயிர், உதட்டை "ஊ" சொல்லக் குவித்துக்கொண்டு உள்ளே "ஈ" சொன்னால் வரும். என் மகளும் நானும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று இதைப் பழகினோம்.

மேசை பெண்பால், சுவர் ஆண்பால் என்பது அஃறிணைக்கு ஆண் பெண் பார்க்காத நமக்குப் புதுசு. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்யாமல் முன்னால் வரும் "லு", "லா"வையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பாடத்தில் உதவ ஒரு வழி சொல்கிறேன். நான் வெங்காயம் நறுக்கும்போது, மகள் வரலாற்றுப் பாடத்தைப் பிரெஞ்சில் சத்தமாக வாசிப்பாள். பிறகு "என்ன நடந்தது, தமிழில் சொல்லு" என்பேன். சொல்ல முடியாமல் எங்கே தடுமாறினாளோ அந்த இடம் அவளுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். எனக்குப் பிரெஞ்சு தேவைப்படவே இல்லை.

பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் சொந்தக்காரர் இல்லாத ஈழத்துக் குடும்பம் குறைவு. அங்கே உள்ள மச்சான் மச்சாளோடு ஞாயிறு தோறும் பத்து நிமிடம் பிரெஞ்சில் கதைக்க விடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

செமஸ்டர் முறைப் பள்ளிகளில் ஒரு பாடம் அரை வருடத்தில் முடிந்துவிடும். ஒன்பதில் பிரெஞ்சு செப்டம்பரில் தொடங்கி, பத்தில் பெப்ரவரிக்கு விழுந்தால், இடையில் ஒரு வருடம் பிரெஞ்சுப் பாடமே இருக்காது. நேர அட்டவணை வந்ததும் பார்த்து, அந்த இடைவெளியில் இன்னொரு பாடத்தையாவது பிரெஞ்சில் வைக்கக் கேளுங்கள்.

எங்களுக்கு இடி விழுந்தது 11ஆம் வகுப்பில். பிரெஞ்சில் இருந்த ஒரே பாடமும் வேதியியலும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவரும் எச்சரிக்கவில்லை. கைடன்ஸ் கவுன்சிலரிடம் கிரெடிட் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன பிறகுதான், அடுத்த வருடம் பிரெஞ்சில் இரண்டு பாடங்களாக எடுக்க வழி பிறந்தது. அன்றிலிருந்து அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே இருந்தது. நீங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒட்டிவிடுங்கள்: பத்துக் கட்டங்கள், முடிந்ததற்கு ஒரு சரி.

முதல் தவணையில் புள்ளிகள் இறங்குவது சகஜம். அந்தக் கவலையில் உடனே விட்டுவிட வேண்டாம். ஒரு வருடம் பார்த்தும் பிள்ளை வாடிப்போனால் விடலாம். எடுத்த கிரெடிட்டுகள் டிப்ளோமாவுக்குள் அப்படியே நிற்கும், ஒன்றும் வீணாகாது.

12ஆம் வகுப்பில்

இலையுதிர்காலத்திலேயே டெல்ஃப் பற்றிக் கேட்போம். இது பிரான்ஸ் கல்வி அமைச்சின் சான்றிதழ், ஆயுளுக்கும் செல்லும். பல போர்டுகள் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாமே நடத்துகின்றன. இமர்ஷன் பிள்ளைகள் பொதுவாகக் குறிவைப்பது பி-2 நிலை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 புள்ளி. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5க்குக் கீழே போகக்கூடாது.

பல்கலைக்கழகத்திலும் தொடர நினைத்தால் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் இமர்ஷன் வழி உண்டு. ரொறன்ரோவிலேயே யோர்க்கின் கிளென்டன் வளாகம் இருமொழியில் நடக்கிறது.

டெல்ஃபின் பேசும் பரீட்சையில் பிள்ளை ஒரு கருத்தை எடுத்து வாதாட வேண்டும். அதற்கு முந்தின மாதம் முழுக்க இரவுச் சாப்பாட்டில் நாங்கள் தமிழில் எதிர்வாதம் செய்தோம், அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். தம்பிதான் நடுவர்.