குழந்தைகள் மீதான கொடுமை: கணக்கெடுப்பும் கடமையும்

ஒரு சமூகப் பிரச்சினையின் அளவை அறியாமல் அதற்குத் திட்டம் வகுக்க இயலாது. ஆனால், குழந்தைகள் மீதான கொடுமை எளிதில் அளக்கக் கூடியதன்று. அது பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் நிகழ்கிறது. இழைப்பவர் பல வேளைகளில் குழந்தைக்கு அறிமுகமானவர். காவல் நிலையப் பதிவேடுகள் எத்தனை புகார்கள் வந்தன என்பதைக் காட்டுமேயன்றி, எத்தனை குழந்தைகள் துன்புற்றனர் என்பதைக் காட்டமாட்டா. ஆகவேதான் சமூகப் பணியாளர்கள் குழந்தைகளிடமே நேரில் கேட்டறியும் முறையைக் கையாளுகின்றனர்.

2007 ஆய்வு

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் பிரயாஸ் என்னும் தொண்டு நிறுவனத்தின் வாயிலாக நடத்திய ஆய்வு 2007-இல் வெளியிடப்பட்டது. 13 மாநிலங்களில், 5 முதல் 18 வயது வரையுள்ள 12,447 குழந்தைகள் இதில் பங்கேற்றனர். பள்ளி செல்லாது வீட்டிலிருப்போர், பள்ளி மாணவர், வேலை செய்வோர், தெருவில் வாழ்வோர், இல்லங்களில் பராமரிக்கப்படுவோர் என அவர்கள் 5 பிரிவினர். இவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கும், 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கும் ஆளானதாகத் தெரிவித்தனர். பாலியல் கொடுமைக்கு ஆளானோரில் சரிபாதிக்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெரும்பாலோர் அதுவரை எவரிடமும் முறையிட்டதில்லை.

இப்புள்ளிவிவரங்களைக் கையாளுவோர் இரு செய்திகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, வரையறை. 53.22 சதவீதம் என்பது பலவகைச் செயல்களை உள்ளடக்கியது; கடுமையான வகைக்கு ஆளானோர் ஏறத்தாழ ஐவரில் ஒருவர். இரண்டாவது, தெரிவு முறை. மேற்கண்ட 5 பிரிவினரும் மக்கள்தொகையில் அவரவர்க்குள்ள விகிதப்படி தெரிவு செய்யப்படவில்லை. எனவே, இச்சதவீதத்தை நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படியே பொருத்துவது முறையாகாது.

இரகசியமும் சட்டமும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. அதன் 19-வது பிரிவின்படி, இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், தவறுவது தண்டனைக்குரியது. ஆகவே, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியை இன்று எந்த ஆய்வாளரும் குழந்தைக்கு அளிக்க இயலாது. எதனை மறைக்க இயலும், எதனைத் தெரிவித்தாக வேண்டும் என்பதைக் கேள்வி கேட்கும் முன்னரே குழந்தைக்கு விளங்கும் சொற்களில் கூறிவிட வேண்டும். மனநல ஆலோசனைக்கும் பாதுகாப்புக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் அவசியம். அறிக்கை எழுதும்போது பெயரை மட்டும் நீக்கினால் போதாது. பள்ளி, ஊர், குடும்ப விவரம் ஆகியவையும் குழந்தையை அடையாளம் காட்டிவிடும்.

ஒரு மாவட்டத்தில் பதிவான வழக்குகள் பெருகினால் அங்கு குற்றம் பெருகியதென்றோ, குறைந்தால் நிலைமை சீரடைந்ததென்றோ உடனே முடிவு செய்தல் கூடாது. பெருகிய எண்ணிக்கை, முறையிட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை வளர்ந்ததன் விளைவாகவும் இருக்கலாம். குறைந்த எண்ணிக்கையைச் சாதனையாகக் கருதும் நிர்வாகம், புகார்களைப் பதிவு செய்யத் தயங்கும் நிலைக்கு வழிவகுக்கும். அதன் சுமை, வாய் திறக்கவியலாத குழந்தையின் மீதே விழும்.