விமானக் கூட்டில் விரிசல்

கம்பியொன்றை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால், பெரும் பலம் செலுத்தாமலே அது ஒடிந்துவிடுகிறது. முதன்முறை தாங்கிய உலோகம் நூறாவது முறை தாங்குவதில்லை. இதனை உலோகச் சோர்வு என்பர். பயணி விமானத்தின் அலுமினியக் கூடும் இவ்வியல்புக்கு விலக்கன்று.

உயரே காற்று மெலிந்திருப்பதால், பயணிகள் மூச்சுவிடும் பொருட்டுக் கூட்டினுள் காற்றழுத்தம் உயர்த்தப்படுகிறது. அப்பொழுது ஒவ்வொரு சதுர மீட்டர் தகட்டையும் வெளிநோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 5 டன் எடைக்குச் சமம். விமானம் இறங்கியதும் அவ்விசை நீங்குகிறது. ஆகவே பயணந்தோறும் கூடு ஒருமுறை விரிந்து ஒருமுறை தளர்கிறது.

1954-இல் இரண்டு பிரிட்டிஷ் காமெட் விமானங்கள் மத்தியதரைக் கடலின்மேல் சிதறின. ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் வேறொரு காமெட்டின் கூட்டை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரை அழுத்தியும் தளர்த்தியும் பயணங்களின் அழுத்தத்தை உண்டாக்கினர். காற்றைச் செலுத்தியிருந்தால் கூடு வெடித்துத் தடயங்கள் அழிந்திருக்கும். முன்பு பறந்தவற்றையும் சேர்த்துச் சுமார் 3,000 பயண அளவில், சாளர மூலையொன்றில் தொடங்கிக் கூடு பிளந்தது.

எனவே கூட்டின் மூப்பைப் பறந்த மணிகளால் மட்டும் அளப்பது போதாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே சென்ற அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானமே இதற்குச் சான்று. அது பறந்திருந்தது 35,496 மணிதான். வடிவமைப்பாளர் கருதிய ஆயுளோ 51,000 மணி. ஆனால் பயணங்கள் 75,000 என்ற கணிப்பைக் கடந்து 89,680 ஆகியிருந்தன. நடுவானில் மேற்கூரையில் சுமார் 5.5 மீட்டர் நீளம் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார், விமானம் தரையிறங்கிவிட்டது. ஏறும்பொழுதே பயணி ஒருவர் விரிசலைக் கண்டிருந்தார், எவரிடமும் கூறவில்லை.

தகட்டிணைப்புகளைச் சோதிக்குமாறு அமெரிக்க அரசு 1987-இலேயே ஆணையிட்டிருந்தது. எனினும் உற்பத்தியாளர் சோதிக்கச் சொன்ன இணைப்புகள் பல. ஆணை கட்டாயமாக்கியதோ, இருபுறமும் ஒவ்வொரு வரிசையை மட்டுமே. பிளவு தோன்றியது வேறொரு வரிசையில்! அங்கே தகடுகளின் ஒட்டுப் பிரிந்து, ஆணித் துளைதோறும் சிறு விரிசல்கள் வளர்ந்து ஒன்றுகூடியிருந்தன.

இத்தகைய நுண்விரிசல் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஆதலின் மாறுமின்னோட்டம் பாயும் சிறு கம்பிச்சுருளை ஆணிகளின் அருகே நகர்த்துகின்றனர். தகட்டில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. விரிசல் குறுக்கிட்டால் அதன் பாதை மாறும். கருவி அதனைக் காட்டிவிடும். ஆயிரக்கணக்கான ஆணிகளைச் சலிப்பின்றிச் சோதிப்பது எளிய வேலையன்று.

2011 ஏப்ரல் முதல் நாள் மற்றொரு அமெரிக்க 737-இன் கூரையில் ஓட்டை விழுந்தது. அது பறந்தவை சுமார் 39,000 பயணங்களே. தொழிற்சாலையில் தகட்டைப் பொருத்தியபொழுதே துளைகள் பிசகியிருந்தமை பின்னர் தெரியவந்தது. சில நாட்களுக்குள் புதிய ஆணை பிறந்தது: அவ்வகைப் பழைய விமானங்கள் 30,000 பயணங்களை எட்டியதும் சுழல் மின்னோட்டச் சோதனை, அதன்பின் 500 பயணங்களுக்குள் மீண்டும் ஒன்று.