எத்தனை முறை பந்தைத் தொட்டான்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்பது வயது மகனை ஃபுட்பால் அகாடமியில் சேர்த்து எட்டு மாதமாகியும் ஒரு டோர்னமென்ட்டுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை, சுவரில் பந்தை உதைக்கவிட்டும் குட்டிக் கட்டத்துக்குள் நாலு பேருக்கு நாலு பேர் ஆடவிட்டும் கோச் பொழுதைக் கழிக்கிறார், பக்கத்து அகாடமிப் பையன்கள் அதற்குள் இரண்டு கோப்பை வாங்கிவிட்டார்கள், இடம் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். அவசரமென்றால் இதோடு கடிதத்தை மடித்து வைத்துவிடலாம்.

நானும் கோப்பை வாங்கியவன்தான். பதினோரு வயதில் வயதுக்கு மீறிய உயரம் எனக்கு. கோச் என்னைப் பின்னால் நிறுத்தி, "வர்றதத் தூக்கி அடிடா" என்று ஒரே பாடம் சொல்லித்தந்தார். அடித்தேன். ஜெயித்துக்கொண்டே இருந்தோம். பதினெட்டு வயதில் ஒரு செலக்‌ஷனுக்குப் போனபோது மற்றவர்களும் என் உயரத்துக்கு வளர்ந்திருந்தார்கள். வேகமாக வந்த முதல் பாஸ் என் காலில் பட்டு மூன்று கஜம் தள்ளி ஓடியது, எதிராளி எடுத்துக்கொண்டு போய்விட்டான். இடது காலை அதுவரை நிற்பதற்கு மட்டும்தான் பயன்படுத்தியிருந்தேன். இருபது நிமிடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். கோப்பைகள் இன்னும் பரணில் கிடக்கின்றன.

என் கதையை விடுங்கள், பெல்ஜியத்துக்கு வருவோம். 2000இல் யூரோ போட்டியை நெதர்லாந்தோடு சேர்ந்து நடத்திய நாடு அது. சொந்த மண்ணிலேயே முதல் சுற்றோடு வெளியேறியது. அந்த அவமானத்துக்குப் பிறகு அங்கே கால்பந்துச் சங்கத்தின் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்ற மிஷேல் சாப்லோன் சிறுவர் ஆட்டத்திலிருந்து தொடங்கினார். லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு சுமார் 1,500 சிறுவர் ஆட்டங்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். பெரியவர்கள் மாதிரி ஆடவைக்கப்பட்ட குழந்தைகள் அரை மணி நேரத்தில் பந்தைத் தொட்டது இரண்டே முறை என்று தெரியவந்தது. மீதி நேரமெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாக ஓடியிருக்கிறார்கள்.

பிறகு வழி மாறியது. மிகச் சின்னவர்களுக்கு இரண்டுக்கு இரண்டு, அடுத்து ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு, பெரியவர்களான பின்தான் பதினொன்று. ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளில் புள்ளிப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். நவம்பர் 2015இல் பெல்ஜியம் ஃபிஃபா தரவரிசையில் முதலிடம்; 2018 உலகக் கோப்பையில் மூன்றாமிடம். சிறுவர் பயிற்சி ஒன்றாலேயே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். குடியேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள், அண்டை நாட்டு கிளப்புகள் என்று வேறு காரணங்களும் உண்டு. பெல்ஜிய ஆட்டக்காரர் எடன் ஹசார்டே பதினான்கு வயதில் பிரான்சின் லீல் கிளப்புக்குப் போனவர். ஆனாலும் அந்த இரண்டு முறை என்ற கணக்கு என் மனதை விட்டுப் போவதில்லை. ஜெர்மனியிலும் 2024 முதல் சிறுவர் பிரிவுகளில் குட்டி அணி, குட்டி கோல், பட்டியல் கிடையாது.

குட்டிக் கட்டத்தில் உங்கள் மகன் எதைக் கற்கிறான்? முக்கியமாக, வரும் பந்தை வாங்க. பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். உடம்பைப் பாதி திருப்பி வைத்துக்கொண்டு, எட்டத்தில் இருக்கும் காலால் வாங்க வேண்டும். பாதத்தை விறைப்பாக வைத்தால் பந்து துள்ளி ஓடும். தொடும் கணத்தில் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொடுத்தால் காலடியில் அடங்கும். சொல்ல மூன்று வரி, கால் பழக ஆண்டுகள். எதிராளி மூச்சு கழுத்தில் படுகிறபோதும் இது தானாக வர வேண்டும். சுவர் இதற்கு அருமையான வாத்தியார். எத்தனை முறை உதைத்தாலும் சலிக்காமல் திருப்பித் தரும்.

அடிப்படை என்ற பெயரில் நடக்கும் ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து கோன்களை வரிசையாக நட்டு, பதினைந்து பிள்ளைகளை அதன் பின்னால் ரேஷன் கடை மாதிரி நிறுத்தி, ஒவ்வொருவராக வளைந்து போகச் சொல்வார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். பதினாலு பேர் சும்மா நிற்பார்கள். கோன் காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது, ஏமாறவும் செய்யாது. உங்கள் கோச் ஆள் வைத்து ஆடவிடுகிறார் என்பதாலேயே அவர் மேல் எனக்கு மரியாதை.

பந்தையும் ஒருமுறை பாருங்கள். ஒன்பது வயதுக்கு நான்காம் எண் பந்து போதும். ஐந்தாம் எண் பெரியவர்களுடையது, 410 முதல் 450 கிராம் எடை. ஹெட்டிங்குக்கு இப்போது என்ன அவசரம்? தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாமென்று இங்கிலாந்துச் சங்கமே 2020இல் சொல்லிவிட்டது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போங்கள். கத்தி உற்சாகப்படுத்த வேண்டாம். பத்து நிமிடம் உங்கள் மகனை மட்டும் பாருங்கள். பந்தைத் தொடும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. இடது காலால் தொட்டால் அதைத் தனியாகப் போடுங்கள். அடுத்த வாரம் அந்தக் கோப்பை அகாடமிக்கும் போய், மேட்சில் அதே வயதுப் பையன் ஒருவனுக்கு இப்படியே எண்ணுங்கள். இரண்டு கணக்கையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.