சாப்பாட்டுக் கப்பலில் முதலில் எதைப் பார்ப்பது?

அன்புள்ள கோமதிக்கு,

முட்டுக்காட்டு மிதக்கும் உணவகத்தின் படங்களை அனுப்பி, "நம்ம கல்லிடைக்குறிச்சி ஆத்துல இப்படி ஒண்ணு விட்டா என்ன சித்தப்பா?" என்று கேட்டிருந்தாய். விட முடியாதம்மா. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீ அனுப்பிய படங்களில் மேசையும் விளக்கும்தான் தெரிகின்றன, கப்பலைக் காணோம். முதலில் அதைப் பார்ப்போம்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கொச்சி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கொண்டுவந்தது அது. நீளம் 125 அடி, அகலம் 25 அடி, இரண்டு தளம். கீழே குளிர்சாதன அறை, மேலே திறந்தவெளி. ஊரெல்லாம் 125 என்ற எண்ணைத்தான் பேசும். நீ 25-ஐப் பிடித்துக்கொள். சாய்ந்த கப்பலை மறுபடி நிமிர்த்துவது அகலம். பெட்டி வடிவ அடிப்பாகம் ஒன்றை எடுத்துக்கொள். அது நீரில் அமிழும் ஆழம் மாறாமல் அகலத்தை மட்டும் இரட்டித்தால், மிதப்பு மையத்துக்கு (நீரில் அமிழ்ந்த பகுதியின் நடுப்புள்ளிக்கு) மேலே மெட்டாசென்டர் என்ற புள்ளி இருக்கும் உயரம் நான்கு மடங்காகிவிடும். கப்பலின் எடை மையம் அந்தப் புள்ளிக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கப்பல் திடமாக நிற்கும். அடுக்கு கூட்டக் கூட எடை மையம் மேலே ஏறும். கட்டுபவருடைய சண்டை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நெல்மூட்டை ஏற்றிய படகில் மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். விருந்துக் கப்பலின் சரக்கோ எழுந்து நடக்கும், பாட்டுக்கு ஆடும், "அங்கே பார்" என்று யாராவது கத்தினால் ஒரே பக்கம் ஓடும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். சேவைக்கு வந்து சில வாரங்களே ஆன புதுப் படகு அது. மேல்தளத்தில் இருந்தவர்கள் கரையில் விலங்கைப் பார்க்க ஒரு பக்கமாய்த் திரண்டார்கள் என்று சொல்லப்பட்டது. கூட்டம் ஓடத்தான் செய்யும். ஓடினாலும் கவிழாதபடி கட்டுவதுதான் தொழில்.

அதனால்தான் மேல்தளத்தை அலுமினியத்திலோ ஃபைபரிலோ இலேசாக அமைத்து, இன்ஜின், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி எல்லாவற்றையும் அடியில் வைப்பார்கள். தொட்டி பாதி நிறைந்திருந்தால் உள்ளே தண்ணீர் அலைந்து சாய்வைக் கூட்டும். அதற்காகக் குறுக்கே தடுப்பு வைப்பார்கள். கட்டி முடித்ததும் கணக்கை மட்டும் நம்பாமல் ஒரு சோதனை உண்டு: தளத்தில் எடைக்கட்டிகளைப் பக்கவாட்டில் நகர்த்தி, தொங்கவிட்ட தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். எடை மையம் எங்கே என்று அப்போது தெரிந்துவிடும்.

பேட்டரி என்றதும் 'ஆதித்யா' நினைவுக்கு வருகிறது. 2017 முதல் வைக்கம் - தவணக்கடவு இடையே ஓடும் 75 பேர் படகு, இந்தியாவின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. இரண்டு ஒல்லியான அடிப்பாகங்களைத் தள்ளி வைத்து மேலே ஒரு தளம் போட்டது. ஒல்லியானதால் இழுவை குறைவு, தள்ளி வைத்ததால் அகலமும் கிடைக்கிறது. டீசல் நாற்றமும் தடதடப்பும் இல்லை. விருந்துக் கப்பலுக்கு என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

கண்ணாடி அடைத்த குளிர்சாதன அறை மேல் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. அவசரத்தில் வெளியேற வாசல் எங்கே என்று முதலில் தேடுவேன். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் ஓட்டும் இரண்டு புதிய படகுகளிலும் அந்த அறை உண்டு. இரண்டிலும் 150 இருக்கை; 'தாமிரபரணி'யில் 75 குளிர்சாதன இருக்கை, 'திருவள்ளுவ'ரில் 19. நம் ஆற்றின் பேர் வைத்த படகு கடலில்தான் ஓடுகிறது பார்!

சரி, விருந்துக் கப்பல் நம் ஆற்றில் ஏன் ஓடாது? பொதிகையிலிருந்து இறங்கிவரும் வழியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. அவற்றைத் தாண்டக் கப்பலுக்கு வழியில்லை. ஓர் அணைக்கட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மட்டும் ஓட்டலாம் என்றால், கோடையில் பாறையும் மணல்திட்டும் தலைகாட்டிவிடும். நம் ஆற்றில் வந்து சேரும் மணிமுத்தாற்றின் அணையில் ஆழம் உண்டு. ஆனால் அங்கே நீர்மட்டம் பல அடி ஏறி இறங்கும். படகுத்துறையும் கூடவே ஏறி இறங்க வேண்டும், மிதவைத் துறையாக.

அதைவிடப் பெரிய சிக்கல் கழிவறை. நிறையப் பேர் சாப்பிட்டுக் கை கழுவும் கப்பலில் கழிவுநீரைச் சொட்டு விடாமல் தொட்டியில் பிடித்துக் கரையில் உறிஞ்சி எடுக்க வேண்டும். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரை. அந்தத் தொட்டியின் வரைபடத்தை எனக்குக் காட்டாதவரை மணிமுத்தாற்றுக்கும் நான் சரி சொல்ல மாட்டேன்.

பரீட்சை முடிந்து கன்னியாகுமரி போனால், படகில் ஏறுமுன் பக்கவாட்டில் வரைந்த சுமைக்கோட்டைப் பார். ஆள் ஏற ஏற அது தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று எழுது.

அன்புடன்,
சித்தப்பா
பாளையங்கோட்டை