கம்பெனி வேன் ஓட்டுபவர் எந்தத் துறை?

அன்புக் கண்ணு யாழினிக்கு,

எந்தப் படிப்பில் சேர்ந்தால் பத்து வருஷம் கழித்தும் வேலை இருக்கும் என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. ஆனால் நாளைக்கு எத்தனை வேலை இருக்கும் என்று சொல்ல, இன்றைக்கு எத்தனை இருக்கிறது என்று எண்ணத் தெரிய வேண்டும். அதுவே லேசுப்பட்ட காரியமில்லை.

உங்கள் திருப்பூரையே எடுத்துக்கொள். அரசின் தொழில் வகைப்பாட்டில் சாயப்பட்டறைத் தொழிலாளி 13-ஆம் பிரிவு, ஜவுளி. அந்தத் துணியில் பனியன் தைப்பவர் 14-ஆம் பிரிவு, ஆடை. பீஸ் ஏற்றிப் போகும் வேன் டிரைவர்? கம்பெனிச் சம்பளம் வாங்கினால் அவரும் 14-தான். கம்பெனி வேனை விற்றுவிட்டு, டிரான்ஸ்போர்ட்காரரிடம் வாடகைக்கு எடுத்தால், அதே ஆள் அதே தெருவில் ஓட்டினாலும் போக்குவரத்துத் துறைக்குப் போய்விடுவார். ஆடைத் தொழிலில் ஒரு வேலை குறைந்ததாகப் புள்ளிவிவரம் சொல்லும். இதனால்தான் கணக்கெடுப்பில் ஒருவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்பது ஒரு கட்டம், என்ன வேலை செய்கிறார் என்பது வேறு கட்டம்.

வேலையில் இருப்பவர் யார் என்பது அடுத்த சிக்கல். 2017 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வாரக் கணக்கு ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும். தினமும் ஒன்றரை ஷிப்ட் போடுபவரும், ஆர்டர் இல்லாமல் வாரத்துக்கு ஒரே ஷிப்ட் போனவரும் அதில் ஒன்றுதான். ஓராண்டை வைத்துப் பார்க்கும் கணக்கும் தனியாக உண்டு. நம் நாட்டு உழைப்பை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது என்று எம். எல். தாந்த்வாலா தலைமையிலான குழு 1970-லேயே சொல்லிவிட்டது.

எண்ணிக்கை கூடினாலே செழிப்பு என்று நினைத்துவிடாதே, கண்ணு. 2018-19-இல் நாட்டின் உழைப்பாளர்களில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். 2019-20-இல் அது 45.6 ஆனது. அந்தக் கணக்காண்டின் கடைசி மூன்று மாதம் கொரோனா ஊரடங்கு. மூன்று பேர் பார்த்த காட்டில், ஊர் திரும்பிய நான்காவது ஆளும் இறங்கினால் நால்வரும் உழைப்பாளர்கள்தான். சம்பளம் இல்லாமல் வீட்டு நிலத்தில் உதவினாலும் சேர்ப்பார்கள். ஒதுங்க இடம் தேடி வந்தவர்களின் எண்ணிக்கை அதற்குள் கலந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் ஆரூடம் சொல்பவரை நான் நம்புவதில்லை.

இனி முன்கணிப்பு. ஒரு துறையின் உற்பத்தி 10 சதவீதம் வளர்ந்தபோது வேலை 2 சதவீதம் கூடியிருந்தால், விகிதம் 0.2. உற்பத்தி இனி எவ்வளவு வளரும் என்று ஊகித்து, அதை இந்த விகிதத்தால் பெருக்குவார்கள். புது மெஷின் வந்தால் விகிதமே மாறிவிடும். ஒரு துறை இன்னொன்றிடம் எவ்வளவு வாங்குகிறது என்று அட்டவணை போட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. அதை வளர்த்தெடுத்த வாசிலி லியோன்டிஃப் 1973-இல் நோபல் பரிசு பெற்றார். அதன் அருமை உங்கள் ஊருக்கு 2011-இல் தெரிந்தது. நொய்யல் ஆற்று மாசுபாட்டுக்காக உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அடி விழுந்தது 13-ஆம் பிரிவில்; வலித்தது 14-க்கும் சேர்த்து. பழைய வளர்ச்சிக் கோட்டை மட்டும் நீட்டிப் பார்த்த எவருக்கும் அந்தத் தீர்ப்பு தெரிந்திருக்காது. ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் தெருவில் பத்து வீடு தேர்ந்தெடு. போன ஏழு நாளில் யார், எங்கே, எத்தனை ஷிப்ட் போனார்கள் என்று கேட்டு எழுது. மூன்று மாதம் கழித்து அதே பத்து வீட்டுக்குப் போ, வீட்டை மாற்றாதே. பொங்கலுக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வா. படிப்பைப் பற்றி அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
மாமா